கப்பலில் புக் செய்யும் முன் சாப்பாட்டைப் பாருங்கள்

கப்பல் பயணத்துக்கு கெண்டிங் டிரீம் கப்பலா, ஆந்தம் ஆஃப் த சீஸ் கப்பலா என்று யோசிக்கிறீர்களா? முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். டிரீமில் ஹலால் உணவும், இந்திய சைவ, ஜைன உணவும் கிடைக்கும். வயதான அப்பா அம்மாவுடன் போகிறவர்களுக்கு இதுதான் நிம்மதி. ஆந்தமில் விண்ட்ஜாமர் பஃபேயும் பெரிய டைனிங் ஹாலும் டிக்கெட்டிலேயே அடக்கம். சாப்ஸ் கிரில் மாதிரி சிறப்பு உணவகங்களுக்குத் தனிக் காசு. அதையும் கூட்டித்தான் விலையை ஒப்பிட வேண்டும். சைவக்காரர்கள் முட்டை, மீன் சாஸ் வேண்டாம் என்று புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பிள்ளைகள். நீர்ச்சறுக்கு கேட்டால் டிரீம்தான், ஆந்தமில் அது கிடையாது. பெரிய பிள்ளைகள் என்றால் ஆந்தமின் பம்பர் கார்களும், கடலுக்கு மேலே தூக்கிப்போகும் நார்த் ஸ்டார் கண்ணாடிக் கூண்டும் பிடிக்கும்.