கல்யாணத்துக்கும் போர்ட்ரெய்ட்டுக்கும் எந்த பிரைம் லென்ஸ்?

பிரைம் லென்ஸ் (ஜூம் செய்ய முடியாத லென்ஸ்) வாங்கக் கிளம்பும் பலருக்கும் முதல் குழப்பமே எஃப்/1.4-ஆ, எஃப்/1.8-ஆ (அப்பர்ச்சர் எனும் லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) என்பதுதான். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. படம் எடுக்கும் இடத்தில் ஆளுக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை மீட்டர் கிடைக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூம் லென்ஸில் இடம் போதாவிட்டால் வளையத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பிரைமில் முதுகு சுவரில் முட்டிவிட்டால் அவ்வளவுதான்.

ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவை நெட்டுக்குப் பிடித்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் விட்டு ஓர் ஆளை முழுசாக எடுக்க 35 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 2 மீட்டர் தூரம் வேண்டும். 50-க்கு 2.8 மீட்டர், 85-க்கு 4.7 மீட்டர், 135-க்கு ஏழரை மீட்டர். மணப்பெண் அலங்காரம் நடக்கும் அறைக்குள் 85-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போனால் முகமும் கையும்தான் கிடைக்கும். சுற்றி நிற்பவர்களையும் சேர்த்து ஒரு படம் எடுக்க வழியே இருக்காது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. தலையும் தோளுமாக ஃபிரேமை நிறைக்க 35-உடன் போனால் அரை மீட்டர் வரை நெருங்க வேண்டியிருக்கும். மூக்கு பெருக்கும், காது பின்னால் ஒளிந்துகொள்ளும். லென்ஸ் முகத்தைக் கெடுக்கிறது என்று சொல்வார்கள். உண்மையில் கெடுப்பது அந்த அரை மீட்டர் தூரம். அதே ஃபிரேமை 85-இல் 1.2 மீட்டரில் நின்று எடுக்கலாம், முகம் முகமாக இருக்கும்.

எந்த ஃபோகல் லெங்த் (35, 85 என்ற அந்த மி.மீ. எண்) உங்கள் கைக்குப் பழகியது என்று ஊகிக்க வேண்டாம். ஏற்கனவே ஜூமில் எடுத்த நிகழ்ச்சிகளை லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் திறந்து, லைப்ரரி ஃபில்டரில் மெட்டாடேட்டாவைத் தேர்ந்து, ஒரு பத்தியை ஃபோகல் லெங்த்துக்கு மாற்றுங்கள். எடுத்த எல்லாவற்றையும் எண்ணாதீர்கள்; ஆல்பத்துக்குப் போன படங்களை மட்டும் எண்ணுங்கள். கூட்டம் எங்கே சேர்கிறதோ அதற்குப் பக்கத்தில் இருக்கும் பிரைம்தான் உங்களுடையது.

ஏபிஎஸ்-சி (அதைவிடச் சின்ன சென்சார்) கேமரா என்றால் ஃபோகல் லெங்த்தை 1.5-ஆல் பெருக்குங்கள், கேனானில் 1.6. 23 மி.மீ. லென்ஸ் 35 போலவும், 56 மி.மீ. லென்ஸ் 85 போலவும் நடந்துகொள்ளும். பின்னணி மங்கலையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும்: ஏபிஎஸ்-சியில் 56 எஃப்/1.2 தருவது, ஃபுல் ஃபிரேமில் 85 எஃப்/1.8 தரும் அளவு மங்கல்தான்.

அப்பர்ச்சர் கணக்கு

எஃப்/2.8 ஜூமில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 கேட்கும் மண்டபத்தில், அதே ஷட்டர் ஸ்பீடுக்கு எஃப்/1.4-இல் 1600 போதும், எஃப்/1.8-இல் 2500. ஆக, ஜூமை விட்டு எஃப்/1.8 பிரைமுக்கு வந்தாலே பெரிய லாபம் கைக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து 1.4-க்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). இதற்காக எடையும் விலையும் எவ்வளவு ஏறுகின்றன என்று பாருங்கள். சோனியின் 85 எஃப்/1.8 371 கிராம். 1.4-ஐயும் தாண்டிப் போகும் கேனானின் ஆர்எஃப் 85 எஃப்/1.2 1,195 கிராம். நாள் முழுக்க இரண்டு கேமரா பாடியைத் தோளில் தொங்கவிடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் சாயங்காலத்துக்குள் புரிந்துவிடும்.

பின்னணி மங்கலுக்கு ஒரு சுலபக் கணக்கு: ஃபோகல் லெங்த்தை எஃப் எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். 35 எஃப்/1.4-க்கு 25 வரும், 50 எஃப்/1.2-க்கு 42, 85 எஃப்/1.8-க்கு 47, 135 எஃப்/1.8-க்கு 75. ஆள் ஃபிரேமில் ஒரே அளவில் இருந்து பின்னணி நல்ல தூரத்தில் இருந்தால், எண் பெரிதாகப் பெரிதாக மங்கலும் கூடும். விலை குறைந்த 85 எஃப்/1.8, விலை உயர்ந்த 50 எஃப்/1.2-ஐ இதில் முந்திவிடுகிறது.

இனி, முழுசாகத் திறந்து எடுக்கும்போது எது கெடுகிறது என்று பார்ப்போம். 85 எஃப்/1.4-இல் 2 மீட்டரில் நிற்கும் ஆளை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 4.5 செ.மீ.; ஃபோகஸ் வைத்த கிட்டக் கண்ணுக்கு முன்னால் பாதி, பின்னால் பாதி. முகம் 45 பாகை திரும்பியிருந்தால் ஒரு கண் மற்றதைவிட 4 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகப் பின்னால் இருக்கும். பின்னால் கிடைப்பதோ இரண்டேகால் செ.மீ. தூரக் கண் மங்கிப்போவதற்கு இதுவே காரணம், லென்ஸில் கோளாறு எதுவும் இல்லை. எஃப்/2.8-க்கு மூடினால் ஆழம் 9 செ.மீ. ஆகும், இரண்டு கண்ணும் மட்டுமட்டாக உள்ளே வரும். அதே லென்ஸ், அதே எஃப்/1.4, ஆனால் 4.7 மீட்டரில் நின்று முழு உருவம் எடுத்தால் ஆழம் 25 செ.மீ. எஃப்/1.4-க்கு ஏற்ற வேலை முழு உருவமும் முக்கால் உருவமும்தான். குளோசப்பில் அதை நம்பாதீர்கள். ஜோடியாக நிற்பவர்களின் தலைகள் முன்பின்னாக இருந்தால் எஃப்/2.8, இரண்டு வரிசை குரூப்புக்கு 35-இல் எஃப்/4.

வெயிலில் வேறொரு தொல்லை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/1.4 வைத்தால் ஷட்டர் 1/12800 நொடி கேட்கும். பல கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/8000-உடன் நின்றுவிடும். எஃப்/1.8 அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். 1.4-தான் வேண்டும் என்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டரும் சேர்த்து வாங்குங்கள். எலெக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் ஷட்டரை (முதல் திரைக்குப் பதில் சென்சாரே படத்தைத் தொடங்கும் முறை) இப்படியான வேகங்களில் அணைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் பின்னணியில் தெரியும் ஒளி வட்டங்கள் ஒரு பக்கம் வெட்டியதுபோல் விழும். லென்ஸைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்கும் சிலருடைய பிரச்சினை உண்மையில் இதுதான்.

எதை முதலில் வாங்குவது

நிகழ்ச்சிக்கு ஒன்றே ஒன்று என்றால் 35. போர்ட்ரெய்ட் மட்டும்தான் என்றால் 85. இரண்டு பாடி இருந்தால் இரண்டையும் பாடிக்கு ஒன்றாக மாட்டிவிட்டு லென்ஸ் மாற்றும் வேலையையே மறந்துவிடலாம். 50 நல்ல லென்ஸ், ஆனால் சின்ன அறையில் கொஞ்சம் நீளம், குளோசப்பில் கொஞ்சம் குட்டை. 135 அருமையான படம் தரும். இடம் தாராளமாகக் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். மோதிரத்தை நெருங்கி எடுக்க சாதாரண 85 உதவாது, பெரும்பாலும் 80 செ.மீ.க்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. அதற்கு ஒரு மேக்ரோவையோ, கேனான் ஆர்எஃப் 85 எஃப்/2 போல 35 செ.மீ. வரை நெருங்கும் லென்ஸையோ பாருங்கள்.

மிச்சம் பிடிக்கும் பணத்தை ஃபோகஸ் மோட்டாரில் போடுவது புத்திசாலித்தனம். கூர்மை இன்று மலிவான லென்ஸிலும் கிடைக்கிறது, நடந்து வருபவரை விடாமல் பிடிக்கும் ஃபோகஸ் எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை.

வாங்குமுன் சோதனை

உங்கள் கேமராவிலேயே மாட்டிப் பாருங்கள். அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, ஐ ஏஎஃப் (கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ்) போட்டு, ஒருவரைச் சாதாரண நடையில் உங்களை நோக்கி வரச் சொல்லித் தொடர்ச்சியாக முப்பது படம் எடுங்கள். நூறு சதவீதம் பெரிதாக்கி, கண் கூர்மையாக இருப்பவற்றை எண்ணுங்கள். கடைசி இரண்டு மீட்டரில்தான் மட்டமான மோட்டார் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, வெளிச்சத்தில் ஒரு வெள்ளி நகையையோ வெள்ளை லேஸ் துணியையோ சாய்வாக எடுங்கள். ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் ஓரங்களில் படர்ந்தால் அது நீளவாக்கு நிறப்பிறழ்ச்சி. மூலைகளில் வரும் நிறக்கோட்டை மென்பொருள் ஒரு சொடுக்கில் அழித்துவிடும். இதை முழுசாக அழிக்காது, கல்யாண உடையிலும் நகையிலும் ஓயாமல் தலைகாட்டும். டிஎஸ்எல்ஆர் என்றால் 45 பாகை சாய்த்த அளவுகோலில் ஒரு கோட்டைக் குறிவைத்து எடுத்துப் பாருங்கள். கூர்மை முன்னாலோ பின்னாலோ விழுந்தால் கேமராவில் ஏஎஃப் திருத்தம் இருந்தால் அதில் சரிசெய்யலாம். மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் இந்தத் தலைவலி பெரிதாக இல்லை.

பழைய லென்ஸ் என்றால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரிரு தூசி பரவாயில்லை. சிலந்தி இழை போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை, வெள்ளைப் புகைபோல் படிந்திருந்தால் எதிர்வெளிச்சத்தில் படம் வெளுக்கும். அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுங்கினால் மூடித் திறப்பது தாமதமாகும். கடைசியாக, தட்டையான சுவரை நேராக நின்று எஃப்/2.8-இல் எடுத்து நான்கு மூலையையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் சுபாவம். ஒரு மூலை மட்டும் மோசமாக இருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. அந்த லென்ஸை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.