புது மெஷின் வருகிறது: பனியன் கம்பெனியில் ஆட்களை இழக்காமல் மாறுவது எப்படி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இன்று பல மாற்றங்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. கட்டிங்கில் ஆட்டோ கட்டர் வருகிறது. தையலில் நூலைத் தானே வெட்டும் மெஷினும், பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) சீட்டை ஸ்கேன் செய்து கணக்கெடுக்கும் டேப்லெட்டும் வருகின்றன. உள்ளூர் டெய்லருக்குப் பக்கத்து மெஷினில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவர் உட்காருகிறார். பெண்கள் சூப்பர்வைசர் வேலைக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். மெஷினின் விலையை மாதக்கணக்கில் பேரம் பேசும் கம்பெனிகள், ஆட்களிடம் என்ன சொல்வது என்பதை மெஷின் வந்து இறங்கிய பிறகுதான் யோசிக்கின்றன. அதற்குள் நல்ல டெய்லர்கள் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள்.

புது மெஷினைக் கண்டு யாரும் மிரள்வதில்லை. சனிக்கிழமை கைக்கு வரும் தொகை என்னவாகும் என்று தெரியாததால்தான் மிரள்கிறார்கள். ஆகவே மெஷினுக்கு கரண்ட் கொடுப்பதற்கு முன் கூலிக்கணக்கை முடித்துவிடுங்கள். கீழே சொல்வது 50 முதல் 300 பேர் வரை வேலை செய்யும் யூனிட்டின் முதலாளிக்கும் புரொடக்‌ஷன் மேனேஜருக்கும் பொருந்தும்.

ஆறு வாரம் முன்பே செய்ய வேண்டியது

மெஷின் எந்தெந்த ஆளின் வேலையைத் தொடும் என்று பெயர் பெயராக ஒரு பட்டியல் எழுதுங்கள். “கைமடி 6 பேர்” (டெய்லருக்கு உதவியாக நூல் வெட்டுவது போன்ற வேலை செய்பவர்கள்) என்று எழுதினால் போதாது. யார், எத்தனை வருட சர்வீஸ், வேறு எந்த வேலை தெரியும், கடைசி 12 வாரம் சராசரியாக எவ்வளவு வாங்கினார் என்ற நான்கையும் எழுத வேண்டும். இந்தப் பட்டியலை எழுதும்போதே பாதிச் சிக்கல் அவிழும். நூல் வெட்டிக்கொண்டிருந்த கைமடிப் பெண்களில் இரண்டு பேருக்கு ஓவர்லாக் ஓரளவு ஓட்டத் தெரியும் என்பது அப்போதுதான் பல மேனேஜர்களுக்குத் தெரியவரும்.

பிறகு அவர்களை ஐந்தைந்து பேராக உட்காரவைத்துப் பேசுங்கள். மொத்தக் கம்பெனியையும் நிறுத்தி மைக்கில் பேசினால் கேள்வி வராது, வதந்திதான் வரும். எந்த மெஷின், எந்தத் தேதி, உங்கள் வேலை என்னவாகும், சம்பளம் எப்படி என்ற நாலுக்கும் பதில் சொல்லிவிட்டு அதையே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். பதில் முடிவாகாத விஷயத்துக்கு, எந்தத் தேதியில் சொல்வீர்கள் என்று சொல்லுங்கள்.

ஆள்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மாற்றம் என்றால் சட்டப்படி முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவில் இருந்த 21 நாள் அறிவிப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. தொழிற்சங்கம் இருந்தால் அவர்களிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். மூன்றாம் ஆள் வழியாகத் தெரிந்துகொண்டு வரும் சங்கத்துடன் பேச்சுவார்த்தை இரண்டு மடங்கு நேரம் இழுக்கும்.

பீஸ் ரேட்டை எப்படி மாற்றுவது

பெரும்பாலான தகராறு பிறக்கும் இடம் இதுதான், அதனால் கணக்கோடு பார்ப்போம். ஒரு டெய்லர் பழைய மெஷினில் நாளுக்கு 700 பீஸ் தைக்கிறார், ரேட் ரூ.1.20, நாள் சம்பளம் ரூ.840 என்று வைத்துக்கொள்வோம். நூலைத் தானே வெட்டும் ஆட்டோ டிரிம்மர் மெஷினில் பழகிய பிறகு 900 பீஸ் வருகிறது. கணக்குப்பிள்ளை உடனே 840-ஐ 900-ஆல் வகுத்து 93 பைசா என்பார். கம்பெனிக்கு 200 பீஸ் கூடுதல், டெய்லருக்கு அதே பணம். இதைவிட வேகமாக ஒரு லைனைக் காலிசெய்யும் வழி வேறில்லை. கூடுதல் 200 பீஸுக்கும் அவர் துணியை எடுத்து, பிடித்து, தள்ளியிருக்கிறார். கையும் தோளும் அந்த உழைப்பை உழைத்திருக்கின்றன.

ரேட்டை ரூ.1.05 ஆக்கினால் 900 பீஸுக்கு ரூ.945 வரும். டெய்லருக்கு 105 ரூபாய் கூடுகிறது, கம்பெனிக்கு ஒரு பீஸுக்கு 15 பைசாவும் கைமடிச் செலவும் மிச்சம். எந்த விகிதத்தில் பிரிப்பது என்பது உங்கள் பேச்சுவார்த்தையைப் பொறுத்தது. பிரித்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை. முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் போட்ட பொதுச் சம்பள ஒப்பந்தத்தில் அந்த வேலைக்கு ரேட் இருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள். பீஸ் ரேட்டானாலும் நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது.

அடுத்த பள்ளம் பழகும் காலம். முதல் வாரம் அதே டெய்லரால் 550 பீஸ்தான் முடியும். புது ரேட்டில் அது ரூ.577.50. திறமையான ஆளுக்குத் திறமை குறைந்தது போன்ற தோற்றம் இந்த வாரத்தில் வரும். அவர் வேலையை விட்டுப்போவதும் இந்த வாரத்தில்தான். ஆகவே அவருடைய 12 வார சராசரியை நான்கு வாரத்துக்கு உத்தரவாதமாகக் கொடுங்கள். மெஷின் மட்டும் மாறினால் பழகிய கைக்கு இரண்டு வாரம் போதும், வேலையும் சேர்ந்து மாறினால் நான்கு ஆகும். பத்துப் பேர் லைனுக்கு இந்தச் செலவு, அதே ஆட்களை இழந்து புதியவர்களைப் பழக்கும் செலவைவிடக் குறைவாகவே வரும்.

டார்கெட்டையும் இதே நேர்மையோடு வையுங்கள். ஒரு டீ-ஷர்ட்டின் எஸ்ஏஎம் (ஒரு பீஸைத் தைக்க நிர்ணயித்த நேரம்) 6 நிமிடம், லைனில் 12 டெய்லர், 8 மணி நேரம் என்றால் 12 × 480 = 5,760 நிமிடம். அதை 6-ஆல் வகுத்தால் 960 பீஸ். இது நூறு சதவீதத் திறனில் வரும் எண். அந்த லைன் இதுவரை 60 சதவீதத்தில் ஓடியிருந்தால் நடப்பு உற்பத்தி 576-தான். மெஷின் விற்றவர் சொன்ன வேகத்தை நம்பி முதல் நாளே 900 என்று போர்டில் எழுதினால் ஆல்டர் (தவறாகத் தைத்துத் திருத்தத் திரும்பும் பீஸ்) குவியும். 60-லிருந்து 65, பிறகு 70 என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். ஸ்டைல் மாறும் வாரத்தில் ஏற்றாதீர்கள்.

கட்டிங் மாஸ்டரை என்ன செய்வது

ஆட்டோ கட்டர் வந்ததும் கட்டிங் மாஸ்டர் தேவையில்லை என்று நினைப்பது விலை கூடிய தவறு. அந்த மெஷின் மார்க்கரில் (வெட்ட வேண்டிய வடிவங்களின் வரைபடம்) இருப்பதை அச்சுப் பிசகாமல் வெட்டும், துணி எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பின்னலாடைத் துணி ரோலில் இழுபட்டு நிற்பது. பிரித்துப் போட்டு 12 முதல் 24 மணி நேரம் ஆறவிடாமல் லே போட்டால் (வெட்டுவதற்காக அடுக்கடுக்காக விரித்தால்), வெட்டிய பிறகு சுருங்கி அளவு குறையும். பாடி நீளம் ஒரு சென்டிமீட்டர் குறைந்த ஆயிரம் பீஸை எந்த மெஷினாலும் நீட்ட முடியாது. ரோலுக்கு ரோல் ஷேடு மாறுவதும், துணி முறுக்கி நிற்பதும் தொட்டுப் பார்க்கும் கைக்குத்தான் தெரியும்.

எனவே அவருக்கு மூன்று பொறுப்பு கொடுங்கள்: துணி ஆறியதா என்று பார்த்து லே போட அனுமதிப்பது, ஷேடு பிரிப்பது, முதல் லேயின் மேல், நடு, அடி பீஸ்களை அளந்து கையெழுத்துப் போடுவது. அவர் கையெழுத்தில்லாமல் மெஷின் ஓடக்கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். கணினியில் மார்க்கர் போடும் கேட் (CAD) ஆபரேட்டராக வரும் 23 வயதுப் பையனிடம், “அண்ணனிடம் கேட்டுவிட்டு ஓட்டு” என்று முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். கணினி படித்த இளையவருக்கும் கைப்பழக்கம் உள்ள மூத்தவருக்கும் நடுவே உரசல் வராமலிருக்க இந்த ஒரு வாக்கியம் நிறைய வேலை செய்யும்.

சிலருக்கு மாற்று வேலை இல்லாமலே போகலாம். அப்போது ஒரு மாத அறிவிப்பு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிக் கூலி, கிராஜுவிட்டி, பிஎஃப் தாள்கள் எல்லாவற்றையும் கடைசி நாளிலேயே கொடுங்கள். மிச்சமிருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

டேப்லெட்டும் டெய்லரின் நோட்டும்

அனுபவமுள்ள டெய்லர்கள் அன்றன்று தைத்த பண்டிலைத் தங்கள் சொந்த நோட்டில் எழுதி வைப்பார்கள். டேப்லெட் வந்ததும் அந்த நோட்டைத் தடுக்கும் மேனேஜர்கள் உண்டு. தடுக்காதீர்கள், அது உங்களுக்கு இலவசத் தணிக்கை. நான்கு சனிக்கிழமைகள் நோட்டையும் டேப்லெட்டையும் இணையாக ஓட்டுங்கள். வித்தியாசம் வந்தால் எது கூடுதலோ அதைக் கொடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

காரணங்கள் பெரும்பாலும் சிலவே. சீட்டு கசங்கி ஸ்கேன் ஆகாமல் போயிருக்கும். ஆல்டருக்குப் பிரிந்த பண்டிலில் பாதி பழைய ஆள் கணக்கிலும் பாதி யார் கணக்கிலும் ஏறாமலும் நிற்கும். எல்லாவற்றையும்விடக் கசப்பை உண்டாக்குவது, மெஷின் நின்ற நேரம் டெய்லரின் தாமதமாகப் பதிவாவதுதான். அதனால் டேப்லெட்டில் நான்கு பொத்தான்களாவது இருக்க வேண்டும்: மெஷின் ரிப்பேர், பீஸ் வரவில்லை, ஆல்டர், கரண்ட் இல்லை. அவற்றை அழுத்தும் உரிமை டெய்லருக்கே இருக்கட்டும். சூப்பர்வைசர் மட்டுமே அழுத்தலாம் என்றால் தன் லைன் கணக்கு கெடும் என்று அவர் அழுத்த மாட்டார்.

பெரிய டிவியில் ஆள் பெயர் போட்டு முதலிடம், கடைசியிடம் காட்டுவது வேண்டாம். கடைசிப் பெயராகிவிடக்கூடாது என்று தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஊசி விரலில் ஏறுவதும், சிறுநீர்த் தொற்றில் லீவு போடுவதும் அதன் விளைவு. டிவியில் லைன் கணக்கு மட்டும் ஓடட்டும். ஆளின் கணக்கு அவருடைய டேப்லெட்டில் அவருக்குத் தெரிந்தால் போதும்.

பல மொழி பேசும் லைன்

வாயால் சொல்லிப் புரியவைப்பதைக் குறைத்து, கண்ணால் காண்பதைக் கூட்டுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் மெஷின் பக்கத்தில் ஒரு சரியான பீஸையும் ஒரு தவறான பீஸையும் தொங்கவிட்டு, தவறான இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மொழிபெயர்க்க ஒரே ஆளை நம்பாதீர்கள். அவரே கமிஷன் ஏஜென்டாகவும் இருந்தால், அவருக்குப் பிடிக்காத செய்தி இரண்டு பக்கமும் போய்ச் சேராது. லைனுக்கு ஒருவராவது ஏஜென்ட்டோடு தொடர்பில்லாதவராக இருக்கட்டும். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அல்லது பையா (அண்ணா), தீதி (அக்கா) என்று கூப்பிடுங்கள். “ஏ ஹிந்தி” என்ற விளி கம்பெனிக்குள் கேட்கவே கூடாது.

சேர்க்கும் நாளில் பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரில் உள்ளபடி எழுத்து மாறாமல் பதியுங்கள். நம் ஊர் உச்சரிப்பில் எழுதிய ஒரு எழுத்துப் பிழையால் ஊர் திரும்பியவர் பிஎஃப் பணத்தை எடுக்க முடியாமல் அலைவார். அடுத்த முறை அவரும் வர மாட்டார், அவர் ஊர்க்காரரும் வர மாட்டார்கள்.

விடுப்பை ரயிலை வைத்துத் திட்டமிடுங்கள். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. அதனால் யார் எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்ற பட்டியலை 75 நாளுக்கு முன்பே முடித்தால் டிக்கெட் கிடைக்கும், திரும்பி வரும் தேதியும் உறுதியாகும். பீகார்க்காரர்களின் சத் பூஜை தீபாவளி முடிந்து ஆறாம் நாள். ஒடிசாவின் ரஜ திருவிழா ஜூன் நடுவில். துர்கா பூஜைக்கும் ஈத்துக்கும் ஹோலிக்கும் தனித்தனியாக ஆள் குறையும். பொங்கலுக்கு உள்ளூர்க்காரர்கள் ஊருக்குப் போக, வடமாநிலத்தவர் லைனைப் பார்த்துக்கொள்வது நல்ல மாற்று. அதை இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. ஹோலி நெருங்கிய நேரம் வேறு. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. இப்படி ஏதேனும் மீண்டும் வந்தால் அன்றே, ஷிப்ட் நேரத்திலேயே, அவர்கள் மொழியில் பேசுங்கள். வீடியோவைச் சேர்ந்து பார்த்து எங்கே எடுத்தது என்று காட்டுங்கள். வீட்டுக்கு வீடியோ கால் பேச அரை மணி நேரம் கொடுங்கள். ஊரில் இருக்கும் அம்மா பயந்தால் இங்கே இருப்பவரால் தைக்க முடியாது.

பெண் சூப்பர்வைசர்

நல்ல டெய்லரான பெண்ணை அழைத்து சூப்பர்வைசர் ஆகச் சொன்னால் பல பேர் மறுப்பார்கள். தைரியம் இல்லை என்று மேனேஜர் நினைத்துக்கொள்வார். கணக்கைப் பாருங்கள்: பீஸ் ரேட்டும் ஒன்றரை ஷிப்டும் சேர்ந்து அவர் வாங்குவது மாதச் சம்பள சூப்பர்வைசரைவிட அதிகமாக இருக்கும். பதவி உயர்வு அவருக்கு வருமான இறக்கம். ஓவர்டைம் உட்பட அவருடைய 12 வார சராசரிக்கு மேல் சம்பளம் சொன்னால் பதில் மாறும்.

ஒருவரை மட்டும் உயர்த்தாதீர்கள், இரண்டு பேரைச் சேர்த்து உயர்த்துங்கள். தனி ஆளாக இருந்தால் ஒவ்வொரு பிழையும் “பொம்பளைக்கு முடியாது” என்று பேசப்படும். ஆறு வாரம் பழைய சூப்பர்வைசருடன் இருக்கட்டும். எஸ்ஏஎம் கணக்கு, லைன் பேலன்சிங் (லைனில் வேலையைச் சமமாகப் பிரிப்பது), டேப்லெட் ரிப்போர்ட் மூன்றையும் அந்த நேரத்தில் கற்றுக்கொடுங்கள். சொந்தக்காரர்கள் இருக்கும் லைனை முதலில் கொடுக்க வேண்டாம். இரவு நேரமானால் வேன் அவர் வீட்டுத் தெருவரை போக வேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகார் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பல கம்பெனிகளில் இது ஆடிட்டுக்குக் காட்டும் ஃபைலாக மட்டும் இருக்கிறது. உறுப்பினர் பெயரையும் போன் நம்பரையும் தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் எழுதிப் பெண்கள் கழிப்பறையின் உள்பக்கம் ஒட்டுங்கள். கேமரா முன்னால், மேனேஜர் அறை வாசலில் ஒட்டிய நம்பரை யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். ஹிந்தி பேசும் ஒரு பெண் தொழிலாளியையும் குழுவில் சேர்த்து, கூட்டம் நடக்கும் நேரத்துக்கு அவருடைய சராசரிக் கூலியைக் கொடுங்கள். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு ஒரு மணி நேரக் கூட்டம் ஒரு மணி நேரச் சம்பளம்.