தக்காளி அழுகிறதா, அழுகுகிறதா?

‘செடியிலேயே தக்காளி அழுகிறது, என்ன செய்யலாம்?’ என்று மாடித்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஆறுதல் சொல்லலாம், வேறென்ன! ‘அழுகிறது’ என்றால் கண்ணீர் விடுகிறது என்றுதான் பொருள். அழு, அழுகு இரண்டும் தனித்தனி வினைகள். முதலாவது அழுகிறது, அழுதது, அழும் என்று போகும். இரண்டாவது அழுகுகிறது, அழுகியது, அழுகும் என்று வரும். பேச்சில் குழந்தையும் ‘அழுகுது’, தக்காளியும் ‘அழுகுது’. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அதையே எழுத்தில் கொண்டுவந்து ‘அழுகும் குழந்தை’, ‘அழுகாமல் சாப்பிடு’ என்கிறார்கள். அழும் குழந்தை, அழாமல் சாப்பிடு என்பதே சரி. ‘அழுகிய குழந்தை’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும்.

அடுத்த தவறு, கெட்டுப்போவது எல்லாவற்றுக்கும் ‘அழுகு’ என்ற ஒரே சொல்லைப் போடுவது. அழுகுவதற்கு ஈரமும் சதையும் வேண்டும்: பழம், காய், கிழங்கு, பிணம். சமைத்த பண்டம் அழுகாது, ஊசிப்போகும். மத்தியானம் வைத்த தேங்காய்ச் சட்னியை ராத்திரி கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுபடுகிறதே, அதுதான் ஊசியதற்கு அடையாளம். பால் திரிந்துபோகும். ஊறுகாயில் பூசணம் பூக்கும். முட்டை கூமுட்டையாகும். அரிசியிலும் பருப்பிலும் வண்டு விழும். பல்லும் கத்திரிக்காயும் சொத்தையாகும். முறுக்கு நமுத்துப்போவதை இந்தக் கூட்டத்திலேயே சேர்க்கக்கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். லேசாகச் சூடு காட்டினால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றையும் ‘ஊசின சோறு’ என்று சொல்லிவிடாதீர்கள். அது புளித்தது. ஊசினால் கொட்ட வேண்டும், அளவாகப் புளித்தால் வெங்காயத்தோடு சாப்பிடலாம்.

மக்குவதும் அழுகுவதும் ஒன்று என்று நினைப்பதுதான் நடைமுறையில் அதிகம் இடிக்கும். நகராட்சிக்காரர்கள் ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்று பிரிக்கச் சொல்வது சரியான சொல். இலங்கையில் இதையே ‘உக்கும் குப்பை’ என்பார்கள். அகராதியில் ‘மட்கு’ என்று இருக்கும். மக்கு என்று எழுதினாலும் குற்றமில்லை. வகுப்பில் திட்டு வாங்கும் ‘மக்கு’ நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல! காய்கறித் தோலும் காய்ந்த சருகும் காற்றோட்டத்தோடு கிடந்து, உதிரியாகி, மண்வாசனை வந்தால் அது மக்கியது. அதே தோல் மூடிய வாளிக்குள் தண்ணீர் கோத்து, கொழகொழத்து, மூடியைத் திறக்க முடியாதபடி நாறினால் அது அழுகியது. ‘என் உரத்தொட்டியில் எல்லாம் நன்றாக மக்கி நாறுகிறது’ என்று யாராவது எழுதினால், அங்கே மக்கவே இல்லை. சருகு சேர்த்துக் கிளறிவிடச் சொல்லுங்கள்.

மரமும் ஓலையும் துணியும் வேறு வகை. மரத்தைப் பூச்சி துளைத்து மாவாக உதிர்த்தால் உளுத்தது. ஓலைச்சுவடியையும் பழைய பத்திரத்தையும் கறையான் தின்றால் செல்லரித்தது. ‘செல்’ என்பது கறையான். நாள்பட்ட துணி நைந்துபோகும். கயிறு ‘இத்துப்போச்சு’ என்று பேசலாம், எழுதும்போது ‘இற்றுப்போனது’ என்று றகரம் வர வேண்டும். இறு என்றால் முறி, ஒடி. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் ‘அச்சிறும்’ என்று 475ஆம் குறளில் வருவதும் இதே வினைதான்.

அப்புறம், பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த ‘புரையோடிய ஊழல்’. புரை என்றால் உள்துளை. மேலே ஆறியதுபோல் தோல் மூடி, உள்ளே சீழ் வழி பண்ணிக்கொண்டு போகும் புண்ணைத்தான் புரையோடிய புண் என்பது. ஆகவே நேற்று வெளிவந்த ஒரு லஞ்ச விவகாரத்துக்கு இந்தச் சொல் ஒட்டாது. பல காலமாக உள்ளுக்குள் பரவியதற்குத்தான் பொருந்தும். அதையும் ‘புறையோடிய’ என்று வல்லின றகரம் போட்டு அச்சடித்துவிடுகிறார்கள். இங்கே இடையின ரகரம்தான்.