தெரியாத எண்ணைத் தனியே பிரித்தெடுக்கும் முறை

"பக்கம் மாறினால் குறி மாறும்" என்று மனப்பாடம் செய்துவிட்ட மாணவர்கள் 5ம = 20 என்னும் சமன்பாட்டைக் கண்டதும் ம = 20 − 5 என்றோ, ம = 20 ÷ (−5) என்றோ எழுதிவிடுவதற்கு அந்த வாய்பாடே காரணம். உண்மையில் எந்த எண்ணும் பக்கம் மாறுவதில்லை. சமக்குறியின் இருபுறமும் ஒரே செயலைச் செய்கிறோம். அதனால் ஒருபுறம் இருந்த எண் நீங்கி, மறுபுறம் அதன் எதிர்ச்செயல் வந்து நிற்கிறது. 5ம என்பது ம-வின் 5 மடங்கு என்பதால் இருபுறமும் 5ஆல் வகுக்க, ம = 4 எனக் கிடைக்கிறது. குறிக்கு இங்கே வேலையே இல்லை.

எந்த எண்ணை முதலில் நீக்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் 12 கிரேடு (காய் அடுக்கும் பெட்டி) பெங்களூரா மாங்காயை ஒன்றாக எடை போட்டால் 276 கிலோ வருகிறது என்றும், வெறும் கிரேடு ஒன்று 2 கிலோ என்றும், எல்லாவற்றிலும் காய் ஒரே அளவில் இருக்கிறது என்றும் கொள்வோம். ஒரு கிரேடில் உள்ள காயின் எடை ம என்றால், 12(ம + 2) = 276.

இதில் ம-வுடன் முதலில் 2 கூட்டப்பட்டது, பிறகு மொத்தமும் 12ஆல் பெருக்கப்பட்டது; ஆகவே கடைசியாக நடந்ததை முதலில் நீக்க வேண்டும். இருபுறமும் 12ஆல் வகுத்தால் ம + 2 = 23; இருபுறமும் 2ஐக் கழித்தால் ம = 21. எடுத்த எடுப்பிலேயே 2ஐக் கழித்தால் வலப்புறம் 274 ஆகுமே தவிர, அடைப்புக்குள் இருக்கும் 2 அசையாது. அடைப்பை விரித்து 12ம + 24 = 276 என்று எழுதியும் தீர்க்கலாம்; 276 மீதியின்றி வகுபடும்போது அது வீண் வேலை என்பது என் கருத்து. விடையை முதல் சமன்பாட்டிலேயே இட்டுச் சரிபார்க்க வேண்டும்: 21 + 2 = 23, 23 × 12 = 276. இடையில் உள்ள வரியில் இட்டுப் பார்த்தால், அதற்கு முன் நேர்ந்த பிழை தெரியாமலே போய்விடும்.

7ம − 15 = 4ம + 30 என மாறி (தெரியாத எண்) இருபுறமும் இருந்தால், சிறிய கெழுவுடைய (மாறியைப் பெருக்கும் எண்) 4ம-வை இருபுறமும் கழிப்பது நல்லது. 3ம − 15 = 30 என்றாகி, ம = 15 வரும்.

மாறி பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணாக, இருக்கும்போது மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தூரம் சுமார் 50 கி.மீ.; சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ., பயண நேரம் ந மணி என்றால் 50 ÷ ந = 40. ந பூச்சியம் அல்ல என்பதால் இருபுறமும் ந-ஆல் பெருக்கலாம்; 50 = 40ந, ஆகவே ந = 1.25 மணி. இதை 1 மணி 25 நிமிடம் என்று எழுதிவிடக் கூடாது, 0.25 × 60 = 15 என்பதால், பயண நேரம் 1 மணி 15 நிமிடம்.