லாரி பெல்ட்டில் நடக்காதீர்கள்: ஸ்லாக்லைன் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துத் தோப்புகளில் ஸ்லாக்லைன் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி, மேலே ஏறி நடக்கும் பட்டை) கட்டிப் பழகும் பையன்களை அங்கங்கே பார்க்கிறேன். வழியில் போகிறவர்கள் "என்ன தம்பி, கழைக்கூத்தா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கழைக்கூத்தில் கயிறு விறைப்பாக இருக்கும், கையில் கோல் இருக்கும். இங்கே பட்டை தொய்யும், ஆடும், எம்பும். கையில் ஒன்றும் கிடையாது. 1980-களை ஒட்டி அமெரிக்காவின் யோசெமிட்டியில் பாறை ஏறுபவர்கள், தங்களிடம் இருந்த பட்டைகளை மரங்களுக்கு நடுவே கட்டி நடந்து பார்த்ததில் வளர்ந்த விளையாட்டு இது.

வெறுங்காலில் ஏறுங்கள், கீழே கல் கிடக்கிறதா பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் எழுத வந்தது வேறு. நாங்கள் தொடங்கியபோது செய்த அதே கோளாறுகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள்.

லாரி பெல்ட்

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். நம் ஊர் வழியாகப் பெங்களூருக்கும் சேலத்துக்கும் லாரி ஓடாத நேரமே இல்லை. லாரி சாமான் கடையில் சரக்கு கட்டும் ராட்செட் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் இரும்புப் பூட்டு) பெல்ட் சுலபமாகக் கிடைக்கும். அகலமும் ஸ்லாக்லைன் பட்டைக்கு உள்ள அதே 50 மி.மீ., ராட்செட்டும் பார்க்க அப்படியே இருக்கும், விலையோ மலிவு. "அண்ணா, அஞ்சு டன் தாங்கும்னு போட்டிருக்கு, நான் அறுபது கிலோதானே" என்பான் ஒருவன்.

அந்தக் கணக்கே தப்பு. நடுவில் ஆள் நிற்கும்போது பட்டையில் ஏறும் இழுவை அவன் எடையைவிடப் பல மடங்கு. எடையை மரங்களுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி, தொய்வின் நான்கு மடங்கால் வகுத்துப் பாருங்கள். 60 கிலோ ஆள், 15 மீட்டர் பட்டை, நடுவில் அரை மீட்டர் தொய்வு என்றால் 450 கிலோ. ஆட்டம் குறையட்டும் என்று இரண்டு பேர் ராட்செட்டில் தொங்கி இறுக்கி, தொய்வை 20 செ.மீ. ஆக்கினால் 1,125 கிலோ. இது சும்மா நிற்பதற்கு; குதித்தால் இன்னும் கூடும். அந்த 'அஞ்சு டன்' பெரும்பாலும் பெல்ட் அறுந்துபோகும் அளவு. வேலைக்கு அனுமதித்த அளவு, லேபிளில் எல்.சி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில், அதில் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். வெயிலிலும் டீசலிலும் கிடந்த பழைய பெல்ட் என்றால் அதையும் நம்ப முடியாது.

அதைவிட மோசம் கொக்கி. சரக்கைக் கட்டினால் இழுவை விடாமல் இருக்கும், கொக்கி கழலாது. ஸ்லாக்லைனில் ஆள் கீழே குதித்ததும் பட்டை எம்பி ஒரு நொடி தளரும். திறந்த கொக்கி கழல அந்த நொடி போதும். பாலக்கோடு பக்கம் ஒரு தோப்பில் என் கண் முன்னாலேயே கழன்றது. எதிர்ப்பக்கப் புளியமரத்தில் போய் அடித்து மரப்பட்டை பெயர்ந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் ஆள் இல்லை. அடுத்த வாரம் போனால் அதே பையன்கள், அதே பெல்ட். கோபம் வருமா வராதா?

ஸ்லாக்லைன் கிட்டில் கொக்கியே இருக்காது. முனையில் தைத்த வளையம் இருக்கும். பட்டையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அதற்குள் நுழைத்து இழுத்தால் முடிந்தது. வளையம் இல்லாத பட்டையில் முடிச்சுப் போட்டால் பலம் குறையும், அப்புறம் இறுகிய முடிச்சை அவிழ்க்கவும் முடியாது. காசு இல்லையா? மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு கிட் வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தானே ஏற முடியும்.

எதை வாங்குவது

முதலில் 50 மி.மீ. அகலம், 15 மீட்டர் நீளம், ராட்செட்டோடு வரும் கிட் போதும். மேலே பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் மரத்துக்குச் சுற்றும் உறையும் சேர்ந்து வந்தால் நல்லது. 25 மி.மீ. பட்டை, காரபினர் (மூடித் திறக்கும் உலோக வளையம்), கப்பி எல்லாம் நடக்க வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீளம் கூடக் கூட ஆட்டமும் கூடும். 15 மீட்டர் வாங்கினாலும் எட்டுப் பத்து மீட்டரில்தான் கட்டிப் பழக வேண்டும்.

ராட்செட்

இறுக்கும் முன் பட்டையைக் கையால் நன்றாக இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உருளையில் சுற்று மேல் சுற்று ஏறி மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு கத்திதான். இரண்டு மூன்று சுற்று போதும். கைப்பிடி தரையைப் பார்த்து இருக்கட்டும். தனிக் கயிறு ஒன்றால் ராட்செட்டை மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், பட்டை அறுந்தாலும் இரும்பு பறக்காது. அவிழ்க்கும்போது மொத்த இழுவையும் ஒரே அடியாக விடும், விரல் ஜாக்கிரதை.

மரம்

அடிமரம் ஓரடி விட்டமாவது இருக்க வேண்டும். புளி, வேம்பு நல்லது. முருங்கை, பப்பாளி கூடவே கூடாது. தென்னையில் காயம் பட்டால் அந்த இடம் மூடி வளராது. எந்த மரமானாலும் உறை இல்லையென்றால் கோணிச்சாக்கை இரண்டு மடிப்பாகச் சுற்றிவிட்டுத்தான் பட்டையைக் கட்ட வேண்டும். மாந்தோப்பு என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். காய் இருக்கும் மாதங்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கரண்ட் கம்பம்

கூடாது.

உயரம்

முழங்கால் அளவு. ஆள் நடுவில் நின்றாலும் பட்டை தரையைத் தொடக்கூடாது.

ராயக்கோட்டைப் பாறைகள்

பாறைகளுக்கு நடுவே உயரத்தில் கட்டும் ஆசையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

நடுவில் ஏறுவது

ஆட்டம் அதிகம் உள்ள இடம் நடுப்பகுதி. மரத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி ஏறி, முதலில் ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கையைத் தோளுக்கு மேலே தூக்கி, எதிர் மரத்தைப் பாருங்கள். கால் தடதடவென்று ஆடும். எல்லோருக்கும் அப்படித்தான் ஆடும். உடம்பு பழகப் பழகத் தானாக அடங்கும். 'எனக்கு பேலன்ஸே இல்லை' என்று முதல் நாளிலேயே கிட்டை விற்கக் கிளம்பாதீர்கள்.

கட்டிவிட்டுப் போவது

டீ குடிக்கப் போனாலும் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் அவிழ்த்துவிட வேண்டும். தோப்புக்குள் பைக்கில் வருபவர்களுக்குச் சாயங்காலத்தில் பட்டை கண்ணுக்கே தெரியாது. பழகும் நேரத்திலும் நடுவில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். இரவு முழுக்க விட்டுவிட்டால் காலையில் ஆடு கடித்திருக்கும், அதையும் பார்த்தாயிற்று.