வினையூக்கியைக் கழற்றாமல் சைலன்சர் மாற்றுவது

பைக்கில் புது சைலன்சர் போடுவதற்காகக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை, அதாவது புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கியை, வெட்டி எறிய வேண்டியதில்லை. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றைக் குறைப்பதே அதன் வேலை. சிங்கப்பூரில் அதை நீக்கிய பைக், புகைச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். புகைப்போக்கி மாற்றத்துக்கு எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) விதியும் உண்டு. வாங்குமுன் அதைப் பாருங்கள்.

முதலில் கன்வர்ட்டர் இருக்குமிடத்தைக் கண்டுபிடியுங்கள். எஞ்சினுக்குக் கீழே, குழாய் உப்பியிருக்கும் இடத்தில் இருந்தால் நல்லது: பின்பகுதி சைலன்சரை மட்டும் மாற்றலாம். சைலன்சருக்குள்ளேயே இருந்தால், கன்வர்ட்டருடன் வரும் மாற்றுச் சைலன்சரையே தேடுங்கள்.

எஞ்சின் முழுக்க ஆறட்டும். குழாய் இணைப்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, பிறகு சைலன்சரைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். சைலன்சரை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த போல்ட்டில் ஊடுருவும் எண்ணெய் தெளித்துக் காத்திருங்கள். அவசரப்பட்டால் போல்ட் தலை முறியும். இழுக்காமல், இடவலமாகத் திருகியே உருவுங்கள்.

இணைப்பில் கசிவை அடைக்கும் பழைய கேஸ்கெட்டை மீண்டும் போடாதீர்கள், நசுங்கியது மறுபடி அடைக்காது. எல்லா போல்ட்டையும் கையால் மாட்டி, குழாய் நேராக நின்றபின்தான் சர்வீஸ் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவில் இறுக்குங்கள். முதலிலேயே கிளாம்பை இறுக்கினால் தாங்கு பிடி இழுபட்டு, நாளடைவில் விரிசல் விடும்.

கைரேகைகளை ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், சூட்டில் கறையாகப் படிந்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வந்தால் கசிவு. திராட்டிலை விடும்போது படபடவென வெடித்தாலும் பெரும்பாலும் அதுவே காரணம். ஆக்சிஜன் சென்சருக்கு முன்னால் கசிந்தால், வெளிக்காற்று நுழைந்து இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தேவையில்லாமல் எரிபொருளைக் கூட்டும்.