ஸ்கூபா முடித்த கையோடு முங்காதீர்கள்

விழிஞ்ஞம் தொடங்கிக் குளச்சல் வரை, பாறை உள்ள இடமெல்லாம் மூச்சைப் பிடித்து முங்கிச் சிப்பி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் கடலைப் பழகினேன். இப்போது கோவளம் பக்கம் ஸ்கூபாவுக்கும் (காற்றுச் சிலிண்டர் மாட்டி இறங்குவது) ஃப்ரீடைவிங்குக்கும் (மூச்சைப் பிடித்து முங்குவது) ஆட்களைக் கூட்டிப் போகிறேன். கூட வேலைக்குச் சேரும் பையன்கள், இருபத்து மூன்று வயதில் நான் செய்ததையே செய்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்காதே, மது குடித்துவிட்டு இறங்காதே என்றெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறது. நான் சொல்ல வருவது, ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்புக்குள் உண்டாகும் நைட்ரஜன் குமிழிகளைப் பற்றி. அதனால் வரும் நோயை டீகம்ப்ரஷன் நோய் என்பார்கள், முங்குகிறவர்கள் சுருக்கமாக பெண்ட்ஸ் என்பார்கள்.

## ஸ்நார்க்கல் போட்டு மிதப்பவர்கள்

பெண்ட்ஸ் வராது. முங்காமல் மேலேயே மிதக்கும்வரை கவலை வேண்டாம்.

## ஸ்கூபாவுக்குப் பிறகு நங்கூரம் எடுக்க முங்குவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். இருபத்து மூன்று வயதில் ஒரு நாள் காலை 18 மீட்டரில் இரண்டு முறை ஸ்கூபா முடித்து வள்ளத்தில் ஏறிவிட்டேன். சிலிண்டர்களைக் கட்டி வைத்தாயிற்று. நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. "மக்கா, ஒரு முங்கு போய் எடுத்துவிட்டு வா" என்றார் வள்ளத்துக்காரர். ஆழம் 14 மீட்டர், எனக்கு அது பெரிய விஷயமே இல்லை. மூன்று முறை முங்கினேன். மூன்றாவது முறை நங்கூரம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

உடம்புக்குள் நடந்தது இதுதான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம், 20 மீட்டரில் மூன்று மடங்கு. சிலிண்டர் அதே அழுத்தத்தில் காற்றைத் தருவதால், நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக ஏறினால் அது நுரையீரல் வழியே வெளியேறும். ஆனால் விதிப்படி ஏறியவருக்கும் அடுத்த சில மணி நேரம் சிரைகளில் (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்களில்) சின்னச் சின்னக் குமிழிகள் ஓடிக்கொண்டிருக்கலாம். நுரையீரலின் நுண்குழாய்கள் சல்லடைபோல் அவற்றைப் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

அந்த நேரத்தில் மறுபடி முங்கினால் அழுத்தத்தில் குமிழிகள் சுருங்கிவிடும். சுருங்கியவை சல்லடையைத் தாண்டித் தமனிப் பக்கம், அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் குழாய்களுக்கு, போகலாம். அப்புறம் மேலே வரும்போது அவை அங்கேயே விரியும். ஸ்கூபாவில் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே என்று சொல்லித்தருகிறோம். மூச்சைப் பிடித்து முங்கியவர் 14 மீட்டரைக் கால் நிமிடத்தில் ஏறிவிடுவார். குமிழி போய் அடைப்பது மூளையாகவோ தண்டுவடமாகவோ இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் சிலிண்டர் போட்டு மூச்சு விட்டவர் அன்றைக்கு முங்கவே கூடாது. நான் 24 மணி நேரம் விடுகிறேன். நங்கூரத்துக்கு முங்க வேண்டுமென்றால் அன்று ஸ்கூபா போகாத ஒருவர் முங்கட்டும். அப்படி யாரும் இல்லையா, கயிற்றை அறுத்துவிடுங்கள். கயிறும் இரும்பும் கடையில் கிடைக்கும். போன மாதம்கூட ஒரு பையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வள்ளத்தின் ஓரத்தில் கால் வைத்துவிட்டான். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "சும்மா ஒரு முங்குதானே அண்ணே" என்றான். அந்தச் "சும்மா"வைக் கேட்டாலே எனக்குக் கை நடுங்குகிறது.

## மேலே வந்து இரண்டு மூச்சு, உடனே கீழே

சிலிண்டரே இல்லாவிட்டாலும் பெண்ட்ஸ் வரும். ஒரு மூச்சில் சேரும் நைட்ரஜன் கொஞ்சம்தான், ஆனால் அது வெளியேறுமுன் அடுத்த முங்கு போனால் சேர்ந்துகொண்டே போகும். டென்மார்க் கடற்படை மருத்துவர் பவுலெவ், 20 மீட்டர் ஆழப் பயிற்சித் தொட்டியில் ஐந்து மணி நேரத்தில் அறுபது முறைபோல முங்கித் தானே இந்த நோயில் விழுந்தார். 1965-இல் அதை எழுதியும் வைத்தார். பசிபிக்கில் துவாமோட்டு தீவுகளின் முத்துக்குளிப்பவர்கள் இதைத் தரவானா என்பார்கள், பித்துப் பிடித்து விழுவது என்று பொருள். 30 மீட்டருக்கு மேல் நாள் முழுக்க முங்கியவர்களில் தலைசுற்றியவர்கள், கைகால் விழுந்தவர்கள், இறந்தவர்கள் எல்லாம் உண்டு. பக்கத்தில் மங்கரேவா தீவில் ஒவ்வொரு முங்குக்கும் நடுவே பத்து நிமிடத்துக்கு மேல் ஓய்வெடுத்தார்கள். அங்கே தரவானா இல்லை.

நம் சிப்பிக்காரர்கள் நாலைந்து பாகம்தான் முங்குவார்கள். (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி.) காலில் நீளத் துடுப்பு மாட்டி 25 மீட்டர் போகும் புதியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. முங்கிய நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு மேலே இருங்கள். ஆழமாகப் போனால் மீட்டரை ஐந்தால் வகுத்துப் பாருங்கள்: 25 மீட்டருக்கு 5 நிமிடம். இரண்டு கணக்கில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

## வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு முங்குவது

வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். அது பெண்ட்ஸ் இல்லை, அதைவிட வேகமாகக் கொல்லும்.

## காலையில் ஸ்கூபா, மாலையில் பொன்முடி

பொன்முடி மலை 1,100 மீட்டர் உயரம். மேலே காற்றழுத்தம் குறையும், உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகலாம். மறுநாள் போங்கள்.

## தைலம் தேய்த்துப் படுப்பது

நங்கூரம் எடுத்த அன்று இரவு என் இடது தோளில் உள்ளுக்குள் ஒரு வலி, விரல்களில் மரமரப்பு. கயிறு இழுத்த அலுப்பு என்று தைலம் தேய்த்துப் படுத்தேன். விடியும்போது எழுந்து நிற்கத் தள்ளாடியது. முதலில் பார்த்த மருத்துவர் தசைப்பிடிப்பு என்று ஊசி போட்டார். கடலில் முங்கினேன் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அழுத்த அறைச் சிகிச்சைக்கு (காற்றழுத்தத்தைக் கூட்டிய அறையில் ஆக்சிஜன் கொடுப்பது) போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. மரமரப்பு போக நாலு மாதம்.

முங்கி வந்த அன்று மூட்டு வலி, மரமரப்பு, தலைசுற்றல், தோலில் திட்டுத்திட்டான சிவப்பு, பேச்சுக் குழறல் எது வந்தாலும் மல்லாந்து படுக்க வையுங்கள். வள்ளத்தில் ஆக்சிஜன் இருந்தால் சுத்த ஆக்சிஜனை உடனே கொடுங்கள். சரியாகும் என்று மறுபடி தண்ணீருக்குள் இறக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், கேரள-தமிழ்நாடு எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே எண்தான். எத்தனை மீட்டர், எத்தனை முறை, கடைசியாக எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்று ஒரு தாளில் எழுதி, கூடப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.